எலிசபெத் டெய்லரின் ஊதாக் கண்கள்: பிறவியா, லென்ஸா, வெளிச்சமா?

ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் என்றாலே அவர் நடிப்பைப் பேசுவதற்கு முன்னால் கண்ணைப் பேசுவார்கள். கத்திரிப்பூ நிறக் கண்ணாம் என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் உடனே, "அதெல்லாம் லென்ஸுங்க" என்பார். மூன்றாமவர் மரபணுக் கோளாறு என்பார். போன மாதம் என் அக்கா மகள் ஒரு வீடியோவை அனுப்பி, "சித்தி, ஊதாக் கண் இருக்கிறவங்க 150 வயசு வரைக்கும் வாழ்வாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். அவளுக்குப் போனில் விளக்க ஆரம்பித்ததைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்கள் பிறவிக் கண்கள்தான். அவற்றைச் சுற்றியிருக்கும் அடர்ந்த இமைமயிரும் பிறவியில் வந்ததுதான். ஆனால் ஊதா என்று நாம் சொல்லும் அந்த நிறத்தைக் கண்ணுக்குள் போய்த் தேடினால் கிடைக்காது. அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

யார் என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டெய்லர் 1932-இல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் அமெரிக்கர்கள். 1939-இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. 1944-இல் வந்த 'நேஷனல் வெல்வெட்' படம் அவரைக் குழந்தை நட்சத்திரமாக்கியது. பிறகு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் இரண்டு முறை. 2011-இல் 79 வயதில் காலமானார்.

புடவைக் கடை வாசலில்

பட்டுப்புடவை எடுக்கப் போன எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் கருநீலமாகத் தெரிந்த புடவை, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்தால் வேறு மாதிரி இருக்கும். விவரம் தெரிந்த அத்தைகள் வெயிலில் ஒரு தடவை பார்க்காமல் பில் போடவே விட மாட்டார்கள். மயில் கழுத்து நிறப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கையில் திருப்பத் திருப்ப ஒரு பக்கம் நீலம் தெரியும், ஒரு பக்கம் பச்சை தெரியும். புடவை என்னவோ ஒன்றுதான்.

நிறம் என்பது மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை. விழுகிற வெளிச்சம் ஒன்று, அதைத் திருப்பி அனுப்பும் பொருள் ஒன்று, அதை வாங்கிப் புரிந்துகொள்ளும் நம் கண்ணும் மூளையும் ஒன்று. மூன்றில் எது மாறினாலும் நிறம் மாறும். டெய்லரின் கண் விஷயத்தில் மூன்றுமே விளையாடியிருக்கின்றன, கூடவே சினிமா கேமரா என்று நான்காவது ஒன்றும்.

கண்ணுக்குள் நீலச் சாயம் கிடையாது

கண்ணில் நிறமாகத் தெரியும் வட்டத்துக்கு ஐரிஸ் என்று பெயர். குறுக்கே அளந்தால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதன் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளி பாவை. அது உண்மையில் ஒரு ஓட்டை, வெளிச்சம் உள்ளே போகும் வழி.

நம்மில் பெரும்பாலோருக்கு ஐரிஸ் பழுப்பாகவோ கறுப்பை ஒட்டியோ இருக்கும். காரணம் மெலனின். தோலுக்கும் தலைமுடிக்கும் கருமை கொடுக்கும் அதே நிறமிதான் கண்ணிலும் இருக்கிறது. காபி டிகாஷனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாஷன் கறுப்பாக இருக்கும், இரண்டாவது பழுப்பு, மூன்றாவது வெளிறிப்போன தேன் நிறம். பொருள் அதேதான், அளவுதான் வேறு. மெலனின் நிறைய இருந்தால் கருங்கண், குறைந்தால் பழுப்பு, இன்னும் குறைந்தால் பூனைக்கண் என்று நாம் சொல்வோமே அது.

சரி, இப்படியே குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தானே ஆக வேண்டும்? நீலம் எப்படி வந்தது? மனிதக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. பச்சைச் சாயமும் கிடையாது. நீலக் கண்ணின் ஐரிஸை ஆராய்ந்தால் அதில் கிடைக்கும் நிறமியும் பழுப்பு மெலனின்தான்.

நீர்ப்பாலில் தட்டும் நீலம்

எங்கள் வீட்டில் பால்காரர் போனதும் அம்மா பாலை டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். "ஓரத்துல நீலம் தட்டுது, தண்ணி சேர்த்திருக்கான்" என்பார். பாலிலும் நீலம் இல்லை, தண்ணீரிலும் நீலம் இல்லை. இரண்டும் கலந்தால் மட்டும் நீலம் எங்கிருந்து வருகிறது?

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், கலக்கியதும் லேசாக மங்கலாக வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி அறையை இருட்டாக்கி, டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றை மாட்டி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். தண்ணீர் மெல்லிய நீலமாகத் தெரியும். இப்போது டார்ச்சை டம்ளருக்குப் பின்னால் கொண்டுபோய், அதற்கு நேர் எதிரே நின்று பாருங்கள். அதே தண்ணீர் வழியாக வரும் வெளிச்சம் மஞ்சளாக, சாயங்காலச் சூரியன் மாதிரித் தெரியும். என் அக்கா மகள் செய்துவிட்டு இரண்டு போட்டோ அனுப்பினாள். ஒரே டம்ளர் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

பாலில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள்களும் புரதத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை வெளிச்சம் என்பது வானவில்லின் எல்லா நிறங்களும் சேர்ந்தது. மிகச் சிறிய துகள்களில் மோதும்போது சிவப்பு பெரும்பாலும் நேரே போய்விடும், நீலம்தான் அதிகமாக நாலாபக்கமும் தெறிக்கும். இந்தத் தெறிப்புக்குத்தான் ஒளிச்சிதறல் என்று பெயர். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெறித்த நீலம் தெரிகிறது. நேரே நின்று பார்ப்பவருக்கு நீலத்தை இழந்த மிச்சம், அதாவது மஞ்சள், தெரிகிறது. சாம்பிராணிப் புகை இருட்டுச் சுவரின் முன்னால் நீலமாகவும், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பழுப்பாகவும் தெரிவது இதே கணக்குதான். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான்.

இந்தச் சோதனையில் கறுப்புத் துணியை மறந்துவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டு வெள்ளைச் சுவரின் முன்னால் வைத்தால் நீலம் காணாமல் போய்விடும். பின்னால் இருக்கும் இருட்டுதான் மெல்லிய நீலத்தை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இப்போது டம்ளரிலிருந்து கண்ணுக்கு வருவோம். ஐரிஸில் முன்பக்கம் ஸ்ட்ரோமா என்ற மெல்லிய, நார்கள் பின்னிய திசு இருக்கிறது. அதுதான் நம் நீர்ப்பால். அதன் பின்னால் மெலனின் நிறைந்த கரிய படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் கறுப்புத் துணி. இந்தக் கரிய படலம் நீலக் கண்காரர்களுக்கும் உண்டு. முன்பக்கத்தில் மெலனின் நிறைய இருந்தால் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், கண் பழுப்பு. முன்பக்கத்தில் மெலனின் மிகக் குறைவாக இருந்தால் நார்கள் நீலத்தைச் சிதறடிக்கும், கண் நீலம். கொஞ்சம் மஞ்சள் பழுப்பும் கலந்திருந்தால் பச்சை.

முன்பக்கத்து மெலனின் எப்படிக் குறைகிறது என்றால், அதற்கு மரபணு காரணம். மெலனின் உற்பத்தியில் பங்குள்ள ஓசிஏ2 என்ற மரபணுவை, பக்கத்திலேயே இருக்கும் ஹெர்க்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு சின்ன மாற்றம் அடக்கி வைக்கிறது, குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக வர விடுவது மாதிரி. 2008-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீலக் கண்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இதே மாற்றம் இருப்பதைப் பார்த்து, இது 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கண்ணில் இருக்கும் சாயம் பழுப்பு மட்டுமே. நீலம் என்பது, சாயம் குறைந்த இடத்தில் வெளிச்சம் சிதறுவதால் நமக்குத் தெரிவது. ஆகவே நீலக் கண் என்பது, விழும் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாறக்கூடிய கண்.

அப்புறம் ஊதா எங்கிருந்து வந்தது?

நீலத்தோடு கொஞ்சம் சிவப்பு சேர்ந்தால் கத்திரிப்பூ நிறம். டெய்லரின் கண் அடர்ந்த நீலம். அதில் சாம்பல் சாயலும் உண்டு. அந்த நீலத்தோடு சேர வேண்டிய சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கண்ணுக்குள்ளிருந்தே சிவப்பு வரும் நிலை ஒன்று உண்டு. அல்பினிசம், அதாவது உடலில் மெலனின் பிறவியிலேயே மிகவும் குறைந்திருப்பது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஐரிஸின் பின்னால் உள்ள கரிய படலத்திலும் நிறமி இல்லாததால், கண்ணின் உட்பக்கத்து ரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்பும் செந்நிற வெளிச்சம் ஐரிஸ் வழியாகவே வெளியே கசியும். சிதறிய நீலமும் கசிந்த சிவப்பும் சேர்ந்து ஊதாவாகத் தெரியலாம். ஆனால் அவர்களுக்குத் தலைமுடியும் புருவமும் வெளுத்திருப்பதுதான் வழக்கம், வெயிலில் கண் கூசும், பார்வையும் குறைவாக இருக்கும். டெய்லருக்குக் கருகருவென்ற தலைமுடி, அதைவிடக் கரிய புருவம். அவருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

அப்படியானால் சிவப்பு வெளியிலிருந்து வந்தது. கல்யாண வீட்டில் நீலத் தார்ப்பாய் கட்டிய பந்தலுக்குள் பகலில் நின்றிருக்கிறீர்களா? மாப்பிள்ளை, பெண்ணு, பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லோர் முகமும் நீலம் பூத்திருக்கும். போட்டோகிராபர் தலையில் அடித்துக்கொள்வார். சுற்றியிருக்கும் துணியின் நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்து முகத்தில் விழும். கண்ணிலும் விழும். டெய்லர் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த உடைகளை அணிந்த படங்களில் கண் ஊதாவை நோக்கிச் சாய்வதற்கு இது ஒரு காரணம். சொந்தமாகச் சாயம் இல்லாத நீலக் கண் இந்த மாதிரி இரவல் நிறத்தை வாங்கிக் காட்டும். நம் கருங்கண் அதை விழுங்கிவிடும்.

அடுத்தது மூளையின் வேலை. ஒரு நிறத்தை மூளை தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். சாம்பல் நிறத் துணித் துண்டு ஒன்றை மஞ்சள் துணியின் மேல் வையுங்கள். துண்டில் லேசாக நீலம் தட்டுவது போலத் தோன்றும். அதே துண்டை நீலத் துணியின் மேல் வைத்தால் மஞ்சள் தட்டும். ஒரு நிறத்தின் அருகில் இருப்பது அதற்கு எதிர் நிறத்தின் பக்கம் சாய்ந்து தெரியும் இந்த மயக்கத்துக்கு நிற முரண் என்று பெயர். தங்க நிறக் கண்பூச்சு, மஞ்சள் சாயல் கொண்ட தோல் பூச்சு, விளக்கின் மஞ்சள் வெளிச்சம் என்று சுற்றிலும் மஞ்சளாக இருந்தால், நடுவில் உள்ள நீலம் இன்னும் ஆழமாக, ஊதாவை ஒட்டித் தெரியும்.

2015-இல் ஒரு உடையின் போட்டோவை வைத்து உலகமே சண்டை போட்டது நினைவிருக்கும். பாதிப் பேருக்கு அது நீலமும் கறுப்பும், மீதிப் பேருக்கு வெள்ளையும் தங்கமும். ஒரே போட்டோ, ஒரே திரை. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று மூளை ஊகிப்பதில் வந்த வித்தியாசம். ஒரு உடைக்கே அந்தப் பாடு என்றால், 12 மில்லிமீட்டர் வட்டத்தின் நிறத்தைப் பற்றி நேரில் பார்த்தவர்களே ஆளுக்கொன்று சொன்னால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

கேமராவும் அச்சும்

நாம் யாரும் டெய்லரை நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பிலிமும் போட்டோவும்தான். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அச்சுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். "கம்ப்யூட்டர்ல நீலமா இருந்துச்சு, அச்சுல ஊதாவா வந்துருச்சு" என்று கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் சண்டைக்கு வருவது வழக்கமான கதை. காரணம், அச்சில் நீலம் என்று தனி மை கிடையாது. வானத்து நீலம் போன்ற சயான் மையும், ரோஜா நிறம் போன்ற மெஜந்தா மையும் சேர்ந்துதான் நீலம் ஆகிறது. மெஜந்தா ஒரு பிடி கூடினால் நீலம் ஊதாவாகிவிடும்.

வண்ண பிலிமும் இதே மாதிரிதான். டெய்லர் சிறுமியாக நடித்த காலத்தில் டெக்னிகலர் என்ற முறை இருந்தது. கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்காக மூன்று கறுப்பு வெள்ளை பிலிம்களில் பதிவு செய்வார்கள். பிறகு சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிப் படப் பிரதி எடுப்பார்கள். சாயத்தின் அளவை லேபில் கூட்டலாம், குறைக்கலாம். டெக்னிகலர் படங்களில் உதடு ஏன் அவ்வளவு சிவப்பு, புல் ஏன் அவ்வளவு பச்சை என்று கேட்டால் இதுவும் ஒரு காரணம். அடர்நீலக் கண் ஒன்று அந்த வழியாகப் போய் வந்தால் அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

1950-இல் ஈஸ்ட்மன்கலர் வந்தது. ஒரே பிலிமில் மூன்று வண்ணமும் பதியும், செலவு குறைவு, எல்லோரும் அதற்கு மாறினார்கள். அதில் ஒரு குறை இருந்தது. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் சயான் சாயம் வருடம் போகப் போக வெளுத்துவிடும், மெஜந்தா நிற்கும். பழைய வண்ணப் படங்களைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரை முழுக்க ரோஸ் அடித்த மாதிரி இருக்கும். சயான் போய் மெஜந்தா மட்டும் மிஞ்சும்போது நீலமாக இருந்ததெல்லாம் ஊதாப் பக்கம் நகரும். கண்ணும் சேர்ந்து நகரும். அப்படி வெளுத்த ஒரு பிரதியிலிருந்து ஒரு ஸ்டில் எடுத்து, அதை யாராவது ஸ்கேன் செய்து, போனில் நிறத்தைக் கூட்டி, "இயற்கையான ஊதாக் கண்" என்று தலைப்பும் போட்டுவிட்டால் முடிந்தது கதை. இன்று இணையத்தில் சுற்றும் பளீர் ஊதாக் கண் படங்களை நான் ஒன்றையும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

விளக்கையும் சொல்ல வேண்டும். ஹாலிவுட்டில் கண்ணுக்கென்றே தனி விளக்கு வைப்பார்கள். கேமராவுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று. அதன் பிரதிபலிப்புதான் நெருக்கக் காட்சிகளில் கண்ணில் மினுங்கும் அந்த வெள்ளைப் புள்ளி. இந்த வகையில் ஒன்றுக்கு ஓபி விளக்கு என்று பெயர். பம்பாயில் பிறந்து ஹாலிவுட் போன நடிகை மெர்ல் ஓபரானுக்காக ஒளிப்பதிவாளர் லூசியன் பலார்ட் அமைத்தது, அந்த நடிகையின் பெயரே நிலைத்துவிட்டது. நேர் எதிரிலிருந்து மெல்லிய வெளிச்சம் ஐரிஸில் விழுந்தால், நார்கள் சிதறடிக்கும் நீலமும் கூடுதலாகத் திரும்பி வரும். மேலேயிருந்து மட்டும் விளக்குப் போட்டால் புருவ நிழலில் அதே கண் சாம்பலாகிவிடும்.

ஆக, அடர்நீலக் கண் டெய்லருடையது. அதை ஊதாவுக்குத் தள்ளியவை உடை, பூச்சு, விளக்கு, பிலிம் சாயம், காலம், இப்போது போன்.

லென்ஸ் போட்டிருந்தாரா?

இதற்குக் காலக் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது. இன்று நாம் பயன்படுத்தும் மெத்தென்ற காண்டாக்ட் லென்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1971-இல். கண் நிறத்தை மாற்றும் மெத்து லென்ஸ்கள் கடைக்கு வந்தது 1980களில். டெய்லர் நடித்த 'லாஸி கம் ஹோம்' என்ற நாய்ப் படம் வந்தது 1943-இல், அப்போது அவருக்கு 11 வயது.

அந்தக் காலத்திலும் சினிமாவுக்கென்று வண்ண லென்ஸ்கள் இருந்தன. ஆனால் அவை கண்ணின் வெள்ளைப் பகுதி வரை மூடும் பெரிய, கெட்டியான கிண்ணங்கள். போட்டால் கண் எரியும், கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது, ஏதோ ஒரு விசேஷக் காட்சிக்காகப் போட்டுக் கழற்றுவார்கள். ஒரு சிறுமி அதை மாட்டிக்கொண்டு படம் முழுக்க நாயோடு ஓடியாடினாள், அப்புறம் நாற்பது வருடம் கழற்றவே இல்லை என்று நம்புவதற்கு, பிறவியிலேயே நீலக் கண் என்று நம்பிவிடலாம்.

லென்ஸ் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. இப்போது கல்யாண மேக்கப்போடு கலர் லென்ஸும் சேர்த்தே போடுகிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரவேற்பு அன்று அப்படிப் போட்டுவிட்டார்கள், மறுநாள் முகூர்த்தத்தில் கண் சிவந்து நீர் வடிய உட்கார்ந்திருந்தாள். கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற தெளிந்த படலத்துக்கு கார்னியா என்று பெயர். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் நேரடியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அளவு சரியில்லாத லென்ஸ், இன்னொருவர் போட்டுக் கழற்றிய லென்ஸ், ராத்திரி கழற்றாமல் தூங்கிய லென்ஸ், மூன்றும் அதன் மூச்சை அடைப்பதோடு கிருமியையும் கொண்டுவந்து சேர்க்கும். புண்ணாகிவிட்டால் பார்வையே போகலாம். அழகுக்காகப் போடுவதாக இருந்தாலும் கண் டாக்டரிடம் அளவு பார்த்துத்தான் போட வேண்டும்.

இரட்டை வரிசை இமைமயிர்

கண்ணின் நிறத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது இமைமயிர்தான். டெய்லருடன் அதே 'லாஸி' படத்தில் நடித்த ரோடி மெக்டவால் ஒரு சம்பவத்தைச் சொல்வார். படப்பிடிப்பின் முதல் நாள், இந்தப் பெண்ணுக்கு மஸ்காரா அதிகமாகிவிட்டது, துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார்களாம். துடைத்துப் பார்த்தால் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. மை இல்லை, மயிரே அவ்வளவு அடர்த்தி.

இமைமயிர் கூடுதலாக ஒரு வரிசை வளர்வதற்கு மருத்துவத்தில் டிஸ்டிக்கியாசிஸ் என்று பெயர். டெய்லருக்கு அது இருந்ததாகத்தான் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வழக்கமாக மேல் இமையில் 90 முதல் 160 மயிர்கள் வரை இருக்கும். அவற்றுக்குச் சற்று உள்ளே, இமை விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் உண்டு. கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பரப்பி, அது சீக்கிரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. கரு வளரும்போது, எண்ணெய்ச் சுரப்பியாக வேண்டிய செல்கள் சில வழி மாறி மயிர்க்காலாகிவிட்டால், அங்கேயிருந்தும் இமைமயிர் முளைக்கும். அதுதான் இரண்டாவது வரிசை.

கேட்க ஆசையாக இருந்தாலும் எல்லோருக்கும் இது வரம் இல்லை. உள் வரிசை மயிர் பல பேருக்குக் கண் பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கார்னியாவை உரசும். தூசி விழுந்த மாதிரி உறுத்தல், சிவப்பு, சில சமயம் புண். அப்போது மின்சாரத்தாலோ உறைகுளிராலோ அந்த மயிர்க்கால்களை அழித்துவிடுவார்கள். மயிர் மெல்லியதாகவும் வெளிப்பக்கம் பார்த்தபடியும் இருந்தால் தொந்தரவு இல்லை.

மரபணு வீடியோக்கள்

2000-இல் ஃபாக்ஸ்சி2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் இரட்டை இமைமயிரும், வாலிப வயதில் தொடங்கும் கால் வீக்கமும் சேர்ந்து வருவதைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் உள்ள குடும்பங்களில் சிலருக்கு இதயக் குறையும் இருக்கும். இதை எடுத்துக்கொண்டு இணையத்தில், "டெய்லருக்கு ஃபாக்ஸ்சி2 கோளாறு, அதனால்தான் இதயம் செயலிழந்து இறந்தார்" என்று எழுதுகிறார்கள். அவருக்கு இதயச் செயலிழப்பு இருந்தது உண்மை. 2004-இல் அதை அவரே வெளியில் சொன்னார், 2009-இல் இதய வால்வுக்குச் சிகிச்சை நடந்தது. ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு இதயம் பலவீனமாக எத்தனையோ காரணம் உண்டு. மரபணு மாற்றத்தை ரத்தப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். போட்டோவில் இமைமயிரைப் பார்த்து ஒருவருடைய மரணத்துக்குக் காரணம் சொல்வது மருத்துவம் ஆகாது.

150 வயது விஷயத்துக்கு வருகிறேன். அலெக்சாண்ட்ரியாஸ் ஜெனசிஸ் என்ற பெயரில், எகிப்தில் தோன்றிய மரபணு மாற்றம், ஊதாக் கண், உடம்பில் மயிர் முளைக்காது, நூற்றைத் தாண்டிய ஆயுள் என்றெல்லாம் சுற்றும் கதைக்கு ஆதாரம், ஒரு கார்ட்டூன் தொடரின் ரசிகர் 1990களில் எழுதிய கற்பனைக் கதை. அப்படி ஒரு நோயும் இல்லை, வரமும் இல்லை.

நிறமே இல்லாத ஒரு படம்

கடைசியாக ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வேன். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி 1951-இல் வந்த 'எ பிளேஸ் இன் தி சன்'. டெய்லருக்கு அதில் நடிக்கும்போது 17 வயது. கறுப்பு வெள்ளைப் படம், ஒளிப்பதிவுக்காக வில்லியம் மெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. மான்ட்கமரி கிளிஃப்டும் டெய்லரும் ஆடிக்கொண்டிருக்கும்போது கேமரா இருவர் முகத்துக்கும் மிக நெருங்கி வரும். திரை முழுக்க ஒரு தோள், ஒரு கன்னம், அந்தக் கண்.

நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. வெளிறிய சாம்பல் வட்டம் ஒன்று, அதைச் சுற்றி மை தீட்டிய மாதிரி அடர்ந்த கரிய ஓரம், நடுவில் விளக்கின் ஒரு பொட்டு வெளிச்சம். குழந்தைக்குக் கண்மை தீட்டியதும் கண் பளிச்சென்று பெரிதாகத் தெரியுமே, அதே வேலையை இங்கே இமைமயிர் செய்கிறது. சுற்றிலும் கறுப்பாக இருந்தால் நடுவில் இருப்பது இன்னும் வெளிச்சமாகத் தெரியும், டம்ளருக்குப் பின்னால் மாட்டிய கறுப்புத் துணி போல.

அக்கா மகளுக்கு அந்தக் காட்சியை அனுப்பினேன். "கண்ணு என்ன கலர்னே தெரியலையே சித்தி" என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து, மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன் என்று இன்னொரு செய்தி வந்தது.